கடைசிப் பெட்டியின் ஜன்னல்

அவர் முதலில் தட்டிப் பார்த்தது என் தண்ணீர்ப் பானையை.

விருத்தாசலத்தில் அந்தத் தெருவுக்கு நான் குடிவந்த அன்று எதிர்வீட்டிலிருந்து வந்தார். என் பெயர், ஊர், சாதி எதையும் கேட்கவில்லை. மூலையில் மணல் பரப்பி வைத்திருந்த புதுப் பானையின் அருகில் குனிந்தார். வலது கை நடுவிரலை மடக்கி, அதன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது தாங்காது தம்பி. வேற வாங்கிக்குங்க."

"புதுசுங்க. இன்னிக்குத்தான் வாங்கினேன்."

"புதுசுதான். வெடிச்ச புதுசு."

அந்த வாரம் முடிவதற்குள் பானை பிளந்து என் பாயும் பழைய பேப்பர் கட்டுகளும் நனைந்தன. அப்போது நான் ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுவது தொழில். ஆனால் நடக்கப்போவதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற ஒருவரை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

தெருவில் அவரைச் 'செக்கிங் அக்கா' என்றார்கள். தெருவின் ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் நீண்டிருந்த பீங்கான் கம்பெனியில் அவருக்கு அதுதான் வேலை. சூளையிலிருந்து வருகிற கப், சாசர், பியூஸ் கட்டை எல்லாம் அவர் முன்னால் வந்து நிற்கும். ஒவ்வொன்றையும் இடது கையின் விரல் நுனிகளில் பூப்போல நிறுத்தி, வலது கை விரலால் தட்டுவார். கணீரென்று ஒலித்தால் வலப்பக்கம். சிரட்டையைத் தட்டியதுபோல மந்தமாகக் கேட்டால் இடப்பக்கக் குவியல். தன் அண்ணன் மனைவி வார்த்த கப்புகளையும் அப்படித்தான் இடப்பக்கம் எறிந்தார். அந்த அம்மாள் சண்டைக்கு வந்தபோது சொன்ன வாக்கியம் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம்: "வெடிச்சதை நல்லதுன்னு சொல்ல எனக்கு வராது."

கம்பெனி மூடிய பிறகும் விரல் நிற்கவில்லை. தேங்காயைத் தட்டினார், கதவைத் தட்டினார், கிணற்றுக்குப் புதிதாக இறக்கிய சிமென்ட் உறைகளைத் தட்டினார். ஒருமுறை தாய் மடியில் படுத்து இருமிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் குழந்தையின் முதுகைத் தட்டினார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காகவே அந்தத் தாய் அன்று மதியமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாள். நெஞ்சில் சளி கட்டியிருந்தது, பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் கை நீண்டால் பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

டீக்கடைக்காரர் தன் பெண்ணைப் பார்க்க சேத்தியாத்தோப்பிலிருந்து ஆட்கள் வந்தபோது அவரையும் அழைத்திருந்தார். மாப்பிள்ளையின் தாய் காபியை வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் இவர் எட்டி அந்தக் கப்பைத் தட்டினார்.

"குடிக்காதீங்க. வெடிச்சிருக்குது."

அந்த அம்மாள் கப்பைக் கீழே வைத்தாள். சகுனம் சரியில்லை என்று பேச்சு அத்தோடு நின்றது.

"ஒரு கப்பு காப்பியில எம் பொண்ணு கல்யாணத்தைக் கவுத்துட்டியே அக்கா" என்று டீக்கடைக்காரர் பல நாள் புலம்பினார்.

"அவங்க வாயைக் கிழிச்சிருந்தா மட்டும் கட்டிக்கிட்டுப் போயிருப்பாங்களா?" என்று இவர் கேட்டார்.

இருந்தாலும் அவர் கடையில் புதுக் கப் டஜன் வந்து இறங்கினால் முதலில் இவருக்குத்தான் ஆள் போகும்.

அந்தக் கம்பெனியின் வெளிச்சுவர்தான் தெருவின் அடையாளம். ஆட்டோக்காரர்களிடம் 'ரயில் சுவரு' என்றால் போதும். சுவர் முழுக்க உடைந்த பீங்கானால் பதித்த ஒரு ரயில். முன்விளக்கு ஒரு மஞ்சள் சாசர். புகை வெள்ளைப் பியூஸ் கட்டைகள். பாலத்துக்குக் கீழே நீலச் சில்லுகளில் மணிமுத்தாறு. அதில் நிற்கிற கொக்குகளின் கழுத்துக்குக் கப்பின் கைப்பிடிகள். தூரத்தில் பழமலைநாதர் கோபுரம், அடுக்கடுக்காகத் தட்டு விளிம்புகளில். சூளையில் வேலை பார்த்த ஒருவர் இறந்தபோது, கூட வேலை செய்தவர்கள் ஒரு பீங்கான் பொம்மையின் தலையைச் சிமென்ட் வைத்து அந்தச் சுவரில் ஒட்டினார்கள். அதைச் சுற்றி ஒரு ஜன்னல் வந்தது, ஜன்னலுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஓர் எஞ்சின். அப்படி வளர்ந்ததுதான் அந்தப் படம்.

பிறகு அது தெருவின் முறையாகிவிட்டது. அந்த வருடம் இறந்தவர்களுக்குக் காணும் பொங்கலன்று ஒரு ஜன்னல். பொம்மைக் கம்பெனிகள் கழித்துப் போட்டதில் ஒரு தலையைப் பொறுக்கி வந்து, சுவரைக் கழுவி, ஒட்டி, பொட்டு வைப்பார்கள். மூக்கு உடைந்த தலையாக இருக்கலாம், மெருகு வழிந்திருக்கலாம், ஒரு கண் பெரிதாக இருக்கலாம். வெடிப்பு மட்டும் கூடாது. வெடித்தது மழையில் தண்ணீர் குடித்துச் சிதறிவிடும். செத்தவருக்கு இன்னொரு சாவு ஆகாது. ஆகவே எந்த முகமும் செக்கிங் அக்காவின் விரலைக் கடந்துதான் சுவருக்குப் போனது.

தெருவில் கல்யாணம் நடந்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த ரயிலின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் தாத்தாவின் ஜன்னலைத் தொட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அந்த முகங்களைவிட, இன்னும் முகம் வராமல் சிமென்ட் நிறத்தில் காத்திருந்த ஜன்னல்கள்தான் கண்ணில் நின்றன. கடைசிப் பெட்டியில் அப்படி ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

ஒரு மழை நாளில் அந்தச் சுவரின் ஓரமாக அவரோடு ஒதுங்கி நின்றேன். கடைசிப் பெட்டியை முழங்கையால் காட்டிச் சொன்னார்.

"கரிச்சூளை இருந்த காலத்துல இதுக்குப் பின்னாலதான் நிப்போம் தம்பி. உள்பக்கமா. மழை நாள்ல முதுகை வச்சா கதகதன்னு இருக்கும், வெந்நி ஒத்தடம் குடுக்குற மாதிரி. மேஸ்திரி வந்து வெரட்டுவாரு."

"யாரெல்லாம் நிப்பீங்க?"

"அப்ப என்கூட உள்பக்கம் நின்னவங்க எல்லாம் இப்ப வெளிப்பக்கம் இருக்காங்க" என்று ஜன்னல்களைப் பார்த்தார். பிறகு மழையைப் பார்த்தார். கரிச்சூளை நான் வருவதற்கு வெகுகாலம் முன்பே போய், எண்ணெய்ச் சூளை வந்து, அதுவும் அணைந்துவிட்டிருந்தது.

அவருக்கு ஒரே மகன். மும்பைக்குக் கட்டட வேலைக்குப் போனவன். டீக்கடையில் இருந்த ஒரு ரூபாய் போனுக்கு ஞாயிற்றுக்கிழமை பேசுவான். கடைக்காரர் தெருமுனை வரை வந்து கத்துவார். பிறகு போன் வரவில்லை. கூடப் போயிருந்த கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருவர் திரும்பி வந்து, சாரம் சரிந்து ஆட்கள் மாட்டிக்கொண்டதாகவும், அன்றிலிருந்து இவனைக் காணவில்லை என்றும் சொன்னார்.

"உடம்பைப் பாத்தியா?" என்று இவர் கேட்டார்.

"பாக்கல அக்கா."

"அப்பறம்?"

வந்தவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு தெரு அக்காவின் மகனைப் பற்றி இறந்தகாலத்தில் பேசத் தொடங்கியது. முதலில் தாழ்ந்த குரலில், பிறகு சாதாரணமாக. இவர் மட்டும் 'அவன் மீன் சாப்பிட மாட்டான்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் மருமகள் இருந்தாள், பள்ளிக்கூடம் போகிற பெண் குழந்தையோடு. கெட்ட மருமகள் இல்லை. அவளுக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பொங்கல் நெருங்கும்போதெல்லாம் எங்கிருந்தாவது ஒரு பொம்மைத் தலையைக் கொண்டுவந்து மாமியார் முன்னால் வைப்பாள். ஒருமுறை நான் வாங்கிய பேப்பரை அவர்கள் வீட்டில் கொடுக்கப் போயிருந்தபோது அது நடந்தது. சுருட்டை முடி வைத்த ஆண் தலை. நல்ல மெருகு. அவர் அதை வாங்கினார். உள்ளங்கையில் இறுகப் பிடித்துக்கொண்டு தட்டினார். சத்தமே வரவில்லை.

"வெடிச்சது."

"அத்தை, போன பொங்கலுக்கும் இதைத்தான் சொன்னீங்க. இந்த ஊர்ல ஒரு நல்ல தலைகூடவா கெடைக்காது?"

"கெடைக்கல."

"நான் தட்டிக் கேட்டவரைக்கும் நல்லாத்தான் இருந்துது."

"உங்காதுக்கு அப்படித்தான் இருக்கும்."

மருமகள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க சார். கோயில்ல யாரு பேருக்கு அர்ச்சனைன்னு கேட்டா எனக்கு வாயடைச்சிப்போவுது. பூ வச்சிக்கிட்டா ஒருத்தி பேசுறா, வைக்கலன்னா ஒருத்தி பேசுறா. புள்ள ஸ்கூல்ல அப்பா எங்கன்னு எழுதச் சொல்றாங்க. இவங்க விரலை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

மாமியார் அந்தத் தலையை எடுத்துக்கொண்டு போய் உள்ளே ஜன்னல் திண்டில் வைத்தார். அங்கே ஏற்கனவே அதைப் போலச் சில தலைகள் வரிசையாக இருந்தன. வெடித்ததைக் குவியலில் எறிந்தே பழகியவர் இவற்றை ஏன் எறியவில்லை என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் கம்பெனி இடம் கைமாறியது. கல்யாண மண்டபமும் முன்பக்கம் கடைகளும் வரப்போவதாகச் சொன்னார்கள். புது முதலாளியை யாரும் பார்க்கவில்லை. வந்தது அவருடைய மானேஜர். இஸ்திரி கலையாத சட்டை, எப்போதும் சிரிப்பு. கூரைத் தகரங்களைப் பிரித்தார்கள். சூளைக் கற்களை லாரியில் ஏற்றினார்கள். ஒரு நாள் மானேஜர் சுவருக்கு முன்னால் நின்று கையை விரித்து அளந்துகொண்டிருந்தபோது தெரு கூடிவிட்டது.

"இந்தச் சுவரை மட்டும் விட்டுடுங்க சார். எங்க பெரியவங்க எல்லாம் இதுலதான் இருக்காங்க" என்றார் டீக்கடைக்காரர்.

"இடிக்கணும்னு எனக்கென்ன ஆசையாங்க? சுவரு ஸ்ட்ராங்கா இருந்தா எனக்கும் ஒரு காம்பவுண்டு மிச்சம். பழசாச்சே, அதான் பயம். நாளைக்கு நாலு பேர் மேல விழுந்தா யார் பதில் சொல்றது? எஞ்சினியரைக் கூட்டிட்டு வரேன். அவர் நல்லாருக்குன்னா விட்டுடறேன்."

"நீங்க கூட்டிட்டு வர்ற எஞ்சினியரு உங்க பேச்சைத்தானே சார் பேசுவாரு? எங்க அக்கா இருக்குது. அது தட்டிச் சொன்னா இந்த ஊரே ஒத்துக்கும்."

மானேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பு உண்மையானது என்றுதான் எனக்குப் பட்டது. அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "சரிங்க. அந்த அம்மா நல்லாருக்குன்னு சொன்னா நான் கையே வைக்கல" என்றார்.

அதே கூட்டத்தில்தான் இன்னொன்றும் பேசி முடிந்தது. சுவர் தங்கியதும், வருகிற பொங்கலுக்கு ரயிலைக் கழுவி, கடைசி ஜன்னலையும் நிரப்பிவிடுவது. "அந்தப் பையனை இன்னும் எத்தனை நாளைக்கு வெளியிலயே நிக்க வைக்கிறது?" என்றார் டீக்கடைக்காரர். அவர் அன்பாகத்தான் சொன்னார். மருமகள் தலையசைத்தாள். செக்கிங் அக்கா தன் வீட்டு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுகிற தூரம்தான்.

மறுநாள் காலை அவர் சுவரைத் தட்டினார். புடவையைச் செருகிக்கொண்டு எஞ்சினிலிருந்து தொடங்கினார். கணீர். முதல் பெட்டி, கணீர். பிள்ளைகள் கூடவே நகர்ந்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. யாரோ வெற்றிலை மடிக்கத் தொடங்கினார்கள். பாதித் தூரத்தில் டீக்கடைக்காரர், "எழுதிக்குங்க சார்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மானேஜர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பெட்டியின் காலி ஜன்னலில் அவர் விரல் பட்டது. பொத்தென்று ஒரு சத்தம். கூட்டத்துக்கே கேட்டது. அவர் இன்னொரு தடவை, சற்று மேலே தட்டினார். பொத்.

"உள்ள பிடிப்பு விட்டுப்போச்சு. அடுத்த மழைக்கு நிக்காது. கீழ புள்ளைங்க விளையாடுது."

மானேஜர் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அவரும் இதை எதிர்பார்க்கவில்லை.

"இன்னொரு தரம் தட்டுக்கா" என்றார் டீக்கடைக்காரர்.

"எத்தனை தரம் தட்டினாலும் இதான்."

"அக்கா, நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை. உனக்கு என்ன கொறைஞ்சிடும்? எங்கப்பா இருக்காரு அதுல."

"வெடிச்சதை" என்று அவர் தொடங்கினார். மீதியை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மருமகள் முந்தானைக்குள் எதையோ பிடித்தபடி நின்றிருந்தாள். அதை வெளியே எடுக்காமல் வீட்டுக்குள் போனாள்.

சுவரை இடிப்பதற்கு முன்பு, அவரவர் முகங்களை எடுத்துக்கொள்ள மானேஜர் அவகாசம் கொடுத்தார். தெரு உளியும் சுத்தியலுமாக இறங்கியது. அந்தக் காலத்துச் சிமென்ட் விட்டுக்கொடுக்கவில்லை. தட்டத் தட்ட முகங்கள்தான் போயின. டீக்கடைக்காரருக்கு அவர் அப்பாவின் ஒரு கன்னமும் காதும் கிடைத்தன. ஒரு பெண் தன் புருஷனின் சில்லுகளை முறத்தில் அள்ளிக்கொண்டு போனாள். முழுசாக வந்த ஒன்றிரண்டு தலைகளையும் யாரும் அக்காவிடம் கொண்டுபோய்த் தட்டச் சொல்லவில்லை. அவரிடம் பேச்சு நின்றுவிட்டது. கடைக்குப் போனால் டீ வந்தது, 'அக்கா' வரவில்லை. அவர் டீ கிளாசைத் தட்டாமல் குடித்தார். சந்தையில் தேங்காயைத் தட்டாமல் வாங்கிக்கொண்டு போவதை நானே பார்த்தேன்.

மார்கழியில் பொக்லைன் வந்தது. வாசல்களில் கோலம் காய்ந்திருக்கவில்லை. முதல் கடி எஞ்சினின் மேல் விழுந்தது. மஞ்சள் சாசர் உதிர்ந்தது, சுவர் அசையவில்லை. ஆபரேட்டர் இறங்கிப் பார்த்தார், மறுபடி ஏறினார். பகல் முழுக்க அது இடித்தது. சாயங்காலம்தான் ரயில் நடுவில் மடிந்து முகம் குப்புற விழுந்தது.

கடைசிப் பெட்டி இருந்த இடத்தில் சுவருக்குள் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கறுப்புப் பாதை திறந்தது. பழைய கரி பறந்து கோலங்களின் மேலும், கொடியில் காய்ந்த துணிகளின் மேலும், எங்கள் தலையிலும் படிந்தது.

"இது வெடிப்பு இல்லீங்க. புகை போற வழி" என்றார் ஆபரேட்டர், செங்கல் ஒன்றைக் கையில் புரட்டியபடி. "ரெண்டு பக்கமும் சுவரு கல்லாட்டம் இருக்குது. என் மிஷினுக்கு நாக்குத் தள்ளிப்போச்சு. இதையா விழுந்துடும்னு சொன்னாங்க? யாரு சொன்னது?"

எல்லோரும் எதிர்வீட்டைப் பார்த்தார்கள். கதவு சாத்தியிருந்தது.

தெரு அவரை மன்னித்த விதம்தான் எனக்குப் பயமாக இருந்தது. "அக்காவுக்கே காது ஏமாந்துபோச்சு பாருங்க" என்றார் டீக்கடைக்காரர், கண்ணில் கரியைத் துடைத்துக்கொண்டு. "பொந்துன்னா பொத்துன்னுதானே கேக்கும்? அதுக்கு எப்படித் தெரியும், உள்ள புகைவழி இருக்குதுன்னு. வயசும் ஆச்சு." மற்றவர்களும் அதை ஒத்துக்கொண்டார்கள். கரிச்சூளைக் காலத்தில் அந்தச் சுவரின் உள்பக்கம் முதுகு வைத்து நின்றவர்களில் உயிரோடு மிச்சம் இருந்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் அன்று மண்ணில் குப்புறக் கிடந்தார்கள். நான் பத்திரிகைக்கு நாலு வரி அனுப்பினேன்: பழைய சுவர், பாதுகாப்புக் கருதி அகற்றம், மண்டபப் பணி தொடக்கம்.

காணும் பொங்கலன்று தெரு காலியாக இருந்தது. கழுவுவதற்குச் சுவர் இல்லாததால் எல்லோரும் ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள். மருமகள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு சேத்தியாத்தோப்புக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வருவாளா என்று யாருக்கும் தெரியவில்லை. செக்கிங் அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

கூடத்தில் நாற்காலியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். எதிரில் மண்டபத்துக்காகத் தோண்டிய குழி. முன்பு அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் ரயிலின் கடைசிப் பெட்டி தெரிந்திருக்கும். திண்டில் தலைகள் வரிசையாக இருந்தன, சுருட்டை முடிக்காரனும். நான் அவனை எடுத்தேன். அவர் கம்பெனியில் செய்ததாகச் சொன்னது போல, உள்ளங்கையில் இறுக்காமல் விரல் நுனிகளில் நிறுத்தி, நடுவிரலை மடக்கித் தட்டினேன்.

கணீரென்றது.

அடுத்ததை எடுத்தேன். அதுவும். அதற்கடுத்ததும். கோயில் மணியின் நாக்கை நகத்தால் சுண்டியது போல, ஒவ்வொன்றும் ஒலித்து, நின்று, அடங்கியது. வெடித்தது ஒன்றுகூட இல்லை.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்ததைச் சற்றுக் கழித்துத்தான் கவனித்தேன்.

"அதெல்லாம் வெடிச்சது தம்பி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆமாங்க" என்றேன்.

அவர் வந்தார். நான் மாற்றி வைத்திருந்த தலையை எடுத்து அதன் இடத்தில் வைத்து, முகம் தெருவைப் பார்க்கும்படி திருப்பினார்.

"அவன் வந்து பாத்தா சிரிப்பான். ஏம்மா, கழிச்சதை எல்லாம் வூட்டுல கொண்டாந்து வச்சிருக்கியேன்னு."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் மறுபடியும் தொடங்கியது.